காய்ச்சல் விட்ட நாள்: ஹுல்ஹுமாலேயில் ஓர் ஆங்கில ஆசிரியையின் சுகயீன லீவு

2024 ஆகஸ்ட் முதல் வாரம், இரவு பத்து மணியிருக்கும். வெள்ளவத்தையில் என் கைப்பேசிக்கு மாலைதீவிலிருந்து ஒரு சம்பளச் சிட்டையின் படம் வந்தது. 15,000 ருஃபியா சம்பளத்தில் 5,550 வெட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: "அண்ணா, இது சரிதானே? ஏழு நாள்தானே லீவு?"

வெட்டிய தொகையைவிட அந்தச் "சரிதானே" தான் என்னை உறுத்தியது. டெங்குக் காய்ச்சலில் நான்கு இரவு ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய ஒருத்தி, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகும், தன் பக்கம்தான் பிழை இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறாள்.

நான் கோட்டையில் ஒரு தனியார் கம்பனியின் ஆளணிப் பிரிவில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது நியமனக் கடிதம் வந்தாலும் வேலைநீக்கக் கடிதம் வந்தாலும் அதை வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழும். இந்த ஆசிரியையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இதில் வராது.

வேலைக்குப் போன கதை

அவருக்கு வயது 34. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். காலையில் ஒரு சர்வதேசப் பாடசாலை, பின்னேரம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூஷன் என்று ஒன்பது வருடம் ஓடியவர். கொழும்பில் ரியூஷன் எடுப்பவர்களுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமை மேலதிக வகுப்பு. அதையும் பிள்ளைகளின் தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டபடியேதான் வைக்க வேண்டும். பாடசாலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் வராவிட்டால் அவருடைய பாடவேளைகள் மற்ற ஆசிரியர்களின் ஓய்வு நேரத்தில் போய் விழும், பிறகு ஒரு கிழமைக்கு ஆசிரியர் அறையில் முகங்கள் இறுகியிருக்கும்.

2022இல் ரூபா விழுந்தது. மார்ச்சில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டிப் பிடித்தது. அவருடைய சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. தகப்பனின் இருதய மருந்து மட்டும் இரண்டு மடங்காகியது. அந்த வருடம் கொழும்பின் தமிழ், சிங்கள ஆசிரியர் எத்தனையோ பேர் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: எங்கே போகலாம்?

தென்கொரியா என்றால் சம்பளமும் கொடுத்து வீடும் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா ஆங்கிலத்துக்கு ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு மட்டும்தான்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. தாலாட்டையே ஆங்கிலத்தில் கேட்டு வளர்ந்த கொழும்புப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்காது. மிஞ்சியவை வளைகுடா நாடுகளும் மாலைதீவும். கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பு, அவசரம் என்றால் ஓடி வரலாம் என்று அம்மா சொன்னதால் மாலைதீவு முடிவானது.

2024 பெப்ரவரி நடுப்பகுதியில் ஹுல்ஹுமாலேயில் ஒரு தனியார் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். ஹுல்ஹுமாலே கடலை நிரப்பி எடுத்த தீவு. வேலை 1997இல் தொடங்கியது. 2018இல் பாலம் திறந்த பிறகு மாலே நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. எங்கே பார்த்தாலும் கட்டட வேலை, கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் தேங்கிய தண்ணீர். இந்தக் கதைக்கு அந்தத் தண்ணீர் முக்கியம்.

இரண்டு ஒப்பந்தங்கள்

பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதற்குக் காட்டிய ஒப்பந்தம் ஒன்று. அதில் லீவு பற்றி ஒரே ஒரு வரி: "மாலைதீவுச் சட்டப்படி." போய் இறங்கிய மூன்றாம் நாள் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் இன்னொன்று, பதினொரு பக்கம். விமானம் ஏறி, சாமான் இறக்கி, அறையில் கட்டிலும் பிடித்த பிறகு நீட்டுகிற இரண்டாம் ஒப்பந்தத்தை யாரும் மறுப்பதில்லை. இது இவருக்கு மட்டும் நடந்ததல்ல. வெளிநாடு போய்வந்த எங்கள் ஒழுங்கைக்காரர் அரைவாசிப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

பதினொரு பக்கத்தையும் பிறகு எனக்கு அனுப்பினார். எட்டாம் பக்கத்தில் லீவு. வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே வெட்கமாயும் இருந்தது. வருடத்துக்கு ஏழு நாள். முதல் வருடத்தில், பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாத சேவைக்கும் ஒரு நாள். சுகயீனமும் சொந்த அலுவலும் இதற்குள்ளேயே அடங்கும். இந்த வாக்கியம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இது எங்களுடைய 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலிருந்து வந்தது. இலங்கைத் தனியார் அலுவலகங்களில் சுகயீனத்துக்கென்று தனி லீவைச் சட்டம் தரவில்லை. 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமைய லீவு, காய்ச்சல் வந்தாலும் அந்த ஏழுக்குள்தான். அதே வாக்கியத்தை நானே நூறு நியமனக் கடிதங்களிலாவது தட்டச்சுச் செய்திருப்பேன்.

நிலையத்தின் ஆளணி முகாமையாளர் கொழும்பிலிருந்து போனவர் என்று பிறகு தெரியவந்தது. தன் பழைய கம்பனியின் படிவத்தைக் கணினியோடு கொண்டுபோய், நாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் உலகம் முழுவதும் ஏழு நாள்தான். கையெழுத்து வைத்த ஆசிரியைக்கும் அப்படித்தான். எட்டாம் பக்கத்தில் அவர் கண் நிற்காமல் போனதற்குக் காரணம் அதுவே: அதில் புதிதாக ஒன்றுமில்லை, வீட்டில் பழகிய கணக்கு.

அடுத்த பிரிவில் கண் நின்றிருக்க வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்புக்குப் பதில் ஆசிரியரை ஒழுங்கு செய்யும் பொறுப்பு அந்த ஆசிரியருடையது. பதில் ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம் அவருடைய சம்பளத்தில் கழியும். இது எங்கள் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட இல்லாத புதுமை.

அந்த வாரம்

ஜூலை நடுப்பகுதி, ஞாயிற்றுக்கிழமை. அங்கே வாரம் ஞாயிறில் தொடங்கி வியாழனில் முடியும். வெள்ளியும் சனியும் விடுமுறை. பின்னேர வகுப்பு முடிகிற நேரத்தில் குளிர் பிடித்தது, கண்ணுக்குப் பின்னால் வலி. பரசிற்றமோல் போட்டுப் படுத்தார்.

திங்கள் வகுப்பெடுத்தார். செவ்வாய் எழும்ப முடியவில்லை. காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் அறிவித்தார். ஏழு மணிக்குப் பதில் வந்தது: "உங்கள் வகுப்புக்கு ஆள் பிடித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்." நூற்றிரண்டு பாகைக் காய்ச்சலோடு படுக்கையில் இருந்தபடி ஐந்து பேருக்குத் தொலைபேசி எடுத்தார். ஆறாவது ஆள் ஒத்துக்கொண்டார். மருத்துவரிடம் போக எண்ணியிருந்த காலை நேரம் அதிலேயே கரைந்தது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். லீவு எத்தனை நாள் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். படுக்கையில் கிடக்கும்போது வகுப்புக்கு ஆள் தேடுவது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆள் தேடுவது நீங்கள்தான் என்றால், உங்களுக்கு முப்பது நாள் லீவு இருந்தாலும் ஒரு நாள்கூட இல்லாத மாதிரித்தான்.

அந்தத் தொலைபேசிப் படலத்தை இன்னொரு முறை தாங்க முடியாதென்றே புதன்கிழமை வகுப்புக்குப் போனார். "ஆள் தேடுறதைவிடப் படிப்பிக்கிறது சுகம் அண்ணா" என்றார் பிறகு. அன்றைக்கு உடம்பு உளைவுக்கு இபுபுரோஃபன் இரண்டு குளிசை விழுங்கியிருக்கிறார். டெங்குவில் அது கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும்.

வியாழன் காலை காய்ச்சல் விட்டது. உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் "காய்ச்சல் விட்டுவிட்டது, வருகிறேன்" என்று போட்டார். நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

கொழும்பில் 2017ஐக் கண்டவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றிருக்கும். அந்த வருடம் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அங்கொடை ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று கிடந்த காலம். டெங்குவின் ஆபத்து காய்ச்சல் எரிக்கிற நாட்களில் இல்லை, விடுகிற நாளில்தான் தொடங்குகிறது. இரத்த நுண்குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும், இரத்தம் தடிக்கும், அழுத்தம் இறங்கும். அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். வேலைத்தலத்தின் கண்ணுக்கு எல்லா வருத்தமும் ஒன்றுதான்: சூடு இருந்தால் வருத்தம், சூடு இறங்கினால் சுகம். ஆக, அவர் வேலைக்குப் போகவே கூடாத ஒரு நாள் அந்த வாரத்தில் இருந்ததென்றால் அது அந்த வியாழன்தான். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

கடைசி வகுப்பு முடிந்து படியிறங்கும்போது விழுந்தார். காலையிலிருந்தே வயிற்று வலி, இரண்டு தரம் வாந்தி. அதை யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பிளேனில் ஏறச் சொல்லுவா. எட்டு மணிக்கு அடுத்த வீட்டு மலையாளத் தாதி எட்டிப் பார்த்தார். மலையாளத்தில் காய்ச்சலைப் பனி என்பார்கள். பனி எப்போது விட்டது என்று கேட்டார், காலையில் என்றதும் வேறு கேள்வி கேட்கவில்லை. டாக்சி பிடித்து நேரே ஆஸ்பத்திரி. காப்புறுதி அட்டை நிலையத்து அலுவலக லாச்சியில் "பத்திரமாக" இருந்தது. அதை எடுத்து வர அறைத் தோழிக்கு இரவு பத்தரை ஆனது.

திங்கள் வீட்டுக்கு விட்டார்கள். அடுத்த ஞாயிறு வரை ஓய்வு என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொழும்புத் தமிழில் சொன்னால் "மெடிக்கல்".

5,550 எப்படி வந்தது

சம்பளச் சிட்டையின் பின்பக்கக் கணக்கைக் கேட்டு வாங்கச் சொன்னேன். வந்தது. வராத நாள் 11, ஐந்து மாத சேவைக்குக் கிடைத்த லீவு 2, மிச்சம் 9. ஒரு நாள் சம்பளம் 15,000ஐ 30ஆல் வகுத்து 500. ஆக 4,500. பதில் ஆசிரியருக்கு நாளுக்கு 150 வீதம் ஏழு நாள், 1,050. ஒரு டொலர் 15.42 ருஃபியா என்பது அங்கே கட்டிவைத்த பெறுமதி. அந்தக் கணக்கில் சுமார் 360 டொலர், எங்கள் காசில் ஓர் இலட்சத்துக்கு மேல்.

11 எங்கிருந்து வந்தது? உண்மையில் வகுப்புக்குப் போகாதது ஏழே நாள்: முதல் செவ்வாய், பிறகு ஞாயிறிலிருந்து வியாழன் வரை ஐந்து, கடைசி ஞாயிறு ஒன்று. மற்ற நான்கும் வெள்ளி, சனி. மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்தால் விடுமுறை நாளையும் எண்ணலாம் என்று ஒரு கணக்காளர் வாதிடக்கூடும். நானும் அந்தக் காலத்தில் வாதிட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் லீவென்றால் நடுவில் வரும் விடுமுறையும் லீவு என்று எங்கள் கம்பனியில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தின்படி பார்த்தாலும் முதல் வெள்ளி, சனி இதில் சேராது. வியாழன் அவர் வகுப்பெடுத்தவர். விழுந்ததே வகுப்பு முடிந்த பிறகு.

ஆனால் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாமே தேவையில்லாத வேலை. மாலைதீவின் 2008ஆம் ஆண்டு 2ஆம் இலக்கத் தொழில் சட்டத்தின் 42ஆம் பிரிவு ஊழியருக்கு வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் சுகயீன லீவு தருகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் என்றால்தான் சான்றிதழ் வேண்டும். செவ்வாய் ஒற்றை நாள். மற்றதெல்லாம் சான்றிதழுக்குள் அடங்கியது. ஏழென்று எண்ணினாலும் பதினொன்றென்று எண்ணினாலும் முப்பதுக்குள்தான். வெட்ட வேண்டியது சுழியம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாரே என்றால், சட்டம் போட்ட தரைமட்டத்துக்குக் கீழே ஒப்பந்தத்தால் தோண்ட முடியாது. இது எந்த நாட்டுத் தொழிற்சட்டத்துக்கும் பாலபாடம்.

இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "முப்பது நாளா? மாலைதீவிலயா?" என்று இரண்டு தரம் கேட்டார். வெளிநாடு என்றால் கசக்கிப் பிழிவார்கள், உரிமை என்று ஒன்று இருந்தால் அது ஊரில்தான் இருக்கும் என்பது எங்கள் எல்லோருடைய மனக்கணக்கு. சுகயீன லீவு விஷயத்தில் அது தலைகீழ். அவரை ஏமாற்றியது தீவின் சட்டமல்ல. கொழும்பிலிருந்து அவர் கையோடு கொண்டுபோன ஏழு நாள்தான்.

பணக்கார நாடு நல்ல லீவு தரும் என்பதும் இதே மாதிரி ஒரு மூடநம்பிக்கை. தென்கொரியத் தொழிற்சட்டம் சாதாரண வருத்தத்துக்குச் சம்பளத்துடன் லீவு கொடுக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஜப்பானிலும் அப்படியே. அங்கே ஆறு மாதம் முடிந்ததும் கிடைக்கிற 10 நாள் வருடாந்த லீவைத்தான் பலர் காய்ச்சலுக்கும் எடுக்கிறார்கள். நீண்ட வருத்தமென்றால் நான்காம் நாளிலிருந்து ஊழியர் சுகாதாரக் காப்புறுதி சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கும். சவூதியில் வருடத்தில் முதல் 30 நாள் முழுச் சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால் சம்பளம்.

பத்து வரிக் கடிதம்

கடிதம் எழுத இரண்டு இரவு ஆனது. முதல் வரைவில் அவர் தன் விசுவாசத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார், புதன்கிழமை காய்ச்சலோடு வந்தது, பெற்றோர் சொன்ன பாராட்டு, எல்லாம். முழுவதையும் வெட்டச் சொன்னேன். புதன்கிழமை வந்ததைச் சொல்லப்போனால் "அப்படியென்றால் அவ்வளவு வருத்தமில்லையே" என்று கேட்பார்கள். முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் கண்ணீர் எப்போதும் எதிர்க் கட்சிக்கே சாட்சி சொல்லும். மிஞ்சியது பத்து வரி: வராத திகதிகள், சான்றிதழின் திகதி, சட்டப் பிரிவின் இலக்கம், கழித்த தொகை, "மீள்பரிசீலனை செய்து அடுத்த சம்பளத்துடன் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இணைப்பு மூன்று. மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் அல்ல. மூலச் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம், பிரதி போதும் என்றும் சொன்னேன்.

நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் முகாமையாளர் கூப்பிட்டார். சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம். ஒரே கேள்வி: "இதை ஏன் வெளியாட்களுக்குக் காட்டினீங்கள்?" நான் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அவர் அதைச் சொல்லாமல், "காய்ச்சலைத்தான் சேர் வெளியாட்கள் பார்த்தது" என்றாராம். என்னுடைய பதிலைவிட இது நல்லது.

ஆகஸ்ட் சம்பளத்தில் 4,500 "சீராக்கல்" என்ற பெயரில் வந்தது. கழித்த 2 நாளும் லீவுக் கணக்கில் திரும்ப ஏறின. 1,050 வரவில்லை. அதற்காகத் தொழில் நியாய சபைக்குப் போகலாமா என்று யோசித்தோம். அங்கேயும் அப்படி ஒரு சபை அதே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, வெளிநாட்டவரும் போகலாம். ஆனால் வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. எழுபது டொலருக்கும் குறைந்த காசுக்காக மிச்சமிருந்த ஆறு மாதத்தைப் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை. என்னாலும் போ என்று சொல்ல முடியவில்லை. உரிமையை எவ்வளவு தூரம் துரத்துவதென்பதை வீட்டில் இருதய மருந்து வாங்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும், ஓய்வூதியக்காரனான நான் அல்ல.

அந்த வருடம் முடிந்ததும் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2025இல் வெள்ளவத்தைக்குத் திரும்பினார். இப்போது வளைகுடாப் பிள்ளைகளுக்கு இணையத்தில் மணிக்கணக்குக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார். அதில் லீவென்ற சொல்லே கிடையாது, படிப்பித்தால் காசு.

போன மாதம் துபாய்ப் பாடசாலை ஒன்றின் ஒப்பந்தத்தோடு வந்தார். நான் கண்ணாடி தேடுவதற்குள் அவரே பக்கத்தைத் திறந்துவிட்டார், சுகயீன லீவுப் பக்கம். அமீரகச் சட்டம் வருடத்துக்கு 90 நாள் தருகிறது, 15 நாள் முழுச் சம்பளம், 30 நாள் அரைச் சம்பளம், மிச்சம் சம்பளமில்லை. ஆனால் இதெல்லாம் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு. தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை போகலாம். அதற்குள் வருத்தம் வந்தால் சம்பளமில்லாத லீவுதான். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"அப்ப, அண்ணா" என்றார், "ஆறு மாதம் முடியும்வரைக்கும் நுளம்பு பொறுக்குமோ?"